வாகன முகப்பு விளக்குப் பழுது: செலவு யாருடையது? திரும்பப் பெறும் விதிகளும் உரிமையாளர் அறிய வேண்டியவையும்

ஹனூர்: கொள்ளேகாலில் இருந்து மாதேஸ்வரன் மலைக்குச் செல்லும் சாலையில் ஹனூரைக் கடந்த பிறகு தெருவிளக்குகள் குறைந்து, காடு தொடங்குகிறது. அதன் பின் ஓட்டுநருக்கு உள்ள ஒரே வெளிச்சம் வாகனத்தின் முகப்பு விளக்கு மட்டுமே. வளைவு ஒன்றில் அது திடீரென அணைந்தால், எதிரே வருவது பேருந்தா, நடந்து செல்லும் பக்தரா, சாலையைக் கடக்கும் யானையா என்பதை அறிய வழியில்லை.

இத்தகைய பழுது ஏற்படும்போது பெரும்பாலான உரிமையாளர்கள் அருகில் உள்ள பணிமனையில் பணம் கொடுத்துச் சரிசெய்துகொள்கின்றனர். ஆனால், எல்லா முகப்பு விளக்குப் பழுதுகளும் உரிமையாளரின் செலவில் சரிசெய்யப்பட வேண்டியவை அல்ல. தயாரிப்பிலேயே உள்ள குறைபாடு என்றால், அதைச் சரிசெய்யும் பொறுப்பு வாகன உற்பத்தியாளரையே சேரும் என மோட்டார் வாகனச் சட்டம் கூறுகிறது. அந்த உரிமையைப் பெறுவதற்குப் பழுதை முறையாகப் பதிவு செய்வது அவசியமாகிறது.

ஹனூர் சாலையில் வெளிச்சத்தின் தேவை

மைசூரு மாவட்டத்தில் இருந்து 1997ஆம் ஆண்டு பிரிக்கப்பட்ட சாமராஜநகர் மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டி ஹனூர் வட்டம் அமைந்துள்ளது. மார்ட்டள்ளி உள்ளிட்ட ஊர்களில் தமிழ் பேசும் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வசித்து வருகின்றன. மாதேஸ்வரன் மலையைக் கடந்து பாலாறு வழியாகச் செல்லும் சாலை, மேட்டூரை இப்பகுதியுடன் இணைக்கிறது.

காவிரி வனவிலங்கு சரணாலயமும், 2013ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட மலை மாதேஸ்வரா வனவிலங்கு சரணாலயமும் இப்பகுதியில் உள்ளன. மகா சிவராத்திரி, யுகாதி, தீபாவளி நாட்களில் ஆயிரக்கணக்கான பக்தர்கள் இச்சாலையில் நடந்தே மலைக்குச் செல்கின்றனர். அவர்களில் பலர் வெயிலைத் தவிர்க்க இரவில் நடப்பவர்கள்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு விநாடியில் சுமார் 17 மீட்டர் கடக்கிறது. தடையைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஓட்டுநர் ஒன்றரை விநாடி எடுத்துக்கொண்டால், அதற்குள் வாகனம் 25 மீட்டர் முன்னே சென்றுவிடும். அதன் பின் உலர்ந்த சாலையில் முழுமையாக நிற்க ஏறத்தாழ மேலும் 25 மீட்டர் தேவை. லோ பீம் எனப்படும் தாழ்ஒளி, நல்ல நிலையில் இருந்தாலும், பெரும்பாலான வாகனங்களில் 40 முதல் 60 மீட்டர் வரை மட்டுமே சாலையைத் தெளிவாகக் காட்டுகிறது. எனவே வெளிச்சம் சற்றே குறைந்தாலும், கண்ணில் பட்ட பொருளுக்கு முன் வாகனத்தை நிறுத்த முடியாத நிலை உருவாகிறது.

மத்திய சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைகள் அமைச்சகத்தின் புள்ளிவிவரப்படி, 2022ஆம் ஆண்டில் நாட்டில் 4,61,312 சாலை விபத்துகள் நிகழ்ந்தன. அவற்றில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். நாளின் நேரங்களை மும்மூன்று மணி நேரங்களாகப் பிரித்துப் பார்க்கும்போது, மாலை 6 மணி முதல் இரவு 9 மணி வரையிலான நேரத்திலேயே மிக அதிகமாக, ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு விபத்துகள் பதிவாகின்றன.

பழுது எங்கிருந்து தொடங்குகிறது?

முகப்பு விளக்குப் பழுதுகளைத் தேய்மானம், பராமரிப்புக் குறைவு, தயாரிப்புக் குறைபாடு என மூன்றாகப் பிரிக்கலாம்.

ஹாலஜன் பல்பின் இழை காலப்போக்கில் மெலிந்து அறுந்துபோவது தேய்மானம். விளக்கின் முன்புற மூடி பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆனது. வெயிலின் புற ஊதாக் கதிர்களால் அது மஞ்சளடித்து மங்குவதும் இவ்வகையைச் சேர்ந்ததே.

எர்த் இணைப்பில் துரு ஏறுவது, ஹோல்டர் தளர்வது, பேட்டரி அல்லது ஆல்டர்னேட்டர் வலுவிழப்பது ஆகியவை பராமரிப்புடன் தொடர்புடையவை. ஹாலஜன் பல்புக்குச் செல்லும் மின்னழுத்தம் 10 சதவீதம் குறைந்தால், அதன் ஒளி ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்துவிடும். ஆகவே, மங்கலான விளக்குக்குப் புதிய பல்பு வாங்கும் முன் மின்னழுத்தத்தைச் சோதிப்பது சிக்கனமானது.

மூன்றாவது வகை தயாரிப்புக் குறைபாடு. வயரிங் அமைப்பு, ரிலே, மின்னணுக் கட்டுப்பாட்டுப் பகுதி அல்லது விளக்கின் வடிவமைப்பிலேயே உள்ள தவறு காரணமாக, ஒரே மாதிரியைச் சேர்ந்த பல வாகனங்களில் ஒரே வகைப் பழுது தோன்றும். புதிய வாகனத்தில் விளக்கு காரணமின்றி அணைந்து மீண்டும் எரிவதும், மாற்றிய பல்பு குறுகிய காலத்தில் மீண்டும் போவதும், இரண்டு விளக்குகளும் ஒரே நேரத்தில் அணைவதும் இதற்கான அறிகுறிகளாக இருக்கலாம். மழைக்குப் பின் மூடியின் உட்புறத்தில் மெல்லிய ஆவி படிந்து, விளக்கை எரியவிட்டதும் மறைந்துவிட்டால் கவலைப்பட வேண்டியதில்லை. நீர் துளிகளாகத் தேங்கி நின்றால் அடைப்பு விட்டுப்போயிருப்பதாகக் கொள்ளலாம்.

மூன்று முன்னுதாரணங்கள்

வாகனங்களைத் திரும்பப் பெறுதல் என்பது வாகனத்தையே பறிமுதல் செய்வது அல்ல. குறைபாடு இருக்கக்கூடிய வாகனங்களைச் சேவை மையத்துக்கு வரவழைத்து, கட்டணமின்றிச் சோதித்துச் சரிசெய்து தருவதே பெரும்பாலும் நடைபெறுகிறது.

இந்தியாவில் 2020 நவம்பரில் மாருதி சுசூகி நிறுவனம் 40,453 ஈகோ வாகனங்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. 2019 நவம்பர் 4 முதல் 2020 பிப்ரவரி 25 வரை தயாரிக்கப்பட்ட அந்த வாகனங்களின் முகப்பு விளக்கில், தரத்தைக் குறிக்கும் குறியீடு விடுபட்டிருக்கலாம் என்பதே காரணமாகக் கூறப்பட்டது. சோதனையும் திருத்தமும் இலவசம் என நிறுவனம் தெரிவித்தது. தங்கள் வாகனம் பட்டியலில் உள்ளதா என்பதை, சேசிஸ் எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் பதிவிட்டு உரிமையாளர்களே அறிந்துகொள்ள வசதி செய்யப்பட்டது. விளக்கு எரியாமல் போவது மட்டுமன்றி, அனுமதிக் குறியீடு இல்லாததும் திரும்பப் பெறுவதற்குக் காரணமாகலாம் என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

அமெரிக்காவில் 2014ஆம் ஆண்டு ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம், 2005 முதல் 2007 வரையிலான மாதிரி ஆண்டுகளைச் சேர்ந்த 1.11 லட்சத்துக்கும் அதிகமான கார்வெட் கார்களைத் திரும்பப் பெற்றது. என்ஜின் பகுதியில் உள்ள மின் இணைப்புப் பெட்டி வெப்பத்தால் விரிவடையும்போது, தாழ்ஒளி ரிலேவுக்குச் செல்லும் கம்பி சற்றே வளைந்தது. மீண்டும் மீண்டும் வளைந்ததில் அது முறிந்து, விளக்குகள் அணையும் அபாயம் ஏற்பட்டது. பல்பை மாற்றுவதால் தீராத பழுதுக்கு இது தெளிவான உதாரணம்.

அதே நிறுவனத்தின் ஜிஎம்சி டெரெய்ன் வாகனங்களில் பிரச்சினை நேர்மாறானது. 2010 முதல் 2017 வரையிலான மாதிரிகளில், விளக்கின் உட்புறப் பிரதிபலிப்பால் ஒளியின் ஒரு பகுதி அனுமதிக்கப்பட்ட அளவைவிட அதிகமாக இருந்தது. இது பாதுகாப்பைப் பாதிக்கும் அளவுக்குப் பெரிதல்ல என நிறுவனம் முன்வைத்த வாதத்தை அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2022இல் நிராகரித்தது. இதையடுத்து சுமார் 7.4 லட்சம் வாகனங்கள் திரும்பப் பெறப்பட்டன. ஒளி குறைவது போலவே, மிகையான ஒளியும் குறைபாடாகவே கருதப்படுகிறது.

இந்தியச் சட்டம் கூறுவது

இந்தியாவில் 2012ஆம் ஆண்டு முதல் உற்பத்தியாளர் சங்கத்தின் தன்னார்வ விதிமுறையின் அடிப்படையிலேயே வாகனங்கள் திரும்பப் பெறப்பட்டு வந்தன. 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம், 110ஏ என்ற புதிய பிரிவைச் சேர்த்தது. அதற்கான விதிகள் 2021 மார்ச்சில் அறிவிக்கப்பட்டு, அதே ஆண்டு ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன.

இப்பிரிவின்படி, சுற்றுச்சூழலுக்கோ, ஓட்டுநர், பயணிகள் அல்லது சாலையைப் பயன்படுத்தும் பிறருக்கோ தீங்கு விளைவிக்கக்கூடிய குறைபாடு இருந்தால், அந்த வகை வாகனங்களைத் திரும்பப் பெறுமாறு உற்பத்தியாளருக்கு மத்திய அரசு உத்தரவிடலாம். குறைபாடு குறித்த தகவல், நிர்ணயிக்கப்பட்ட விகிதத்திலான உரிமையாளர்களிடம் இருந்தோ, சோதனை முகமையிடம் இருந்தோ, வேறு வழியிலோ வந்திருக்கலாம். குறைபாடு ஓர் உதிரிபாகத்தில் இருந்தால், அந்தப் பாகம் பொருத்தப்பட்ட எல்லா மாதிரிகளையும் திரும்பப் பெற உத்தரவிடவும் வழி உள்ளது.

உத்தரவு பிறப்பிக்கப்பட்டால், உற்பத்தியாளர் வாகனத்தின் முழு விலையைத் திருப்பித் தர வேண்டும். அல்லது வேறு வாகனம் தர வேண்டும். அல்லது பழுதைச் சரிசெய்து தர வேண்டும். அதனுடன் அபராதமும் உண்டு. குறைபாட்டை நிறுவனமே கண்டறிந்து அரசுக்குத் தெரிவித்து, தானாக முன்வந்து வாகனங்களைத் திரும்பப் பெற்றால் அபராதம் கிடையாது. விதிகளின்படி, ஏழு ஆண்டுகளுக்கு உட்பட்ட வாகனங்களுக்கு இந்நடைமுறை பொருந்தும். வாகன வகையையும் எண்ணிக்கையையும் பொறுத்து 10 லட்சம் ரூபாய் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கப்படலாம்.

புகார்களின் எண்ணிக்கைக்குச் சட்டத்தில் இடம் இருப்பது இங்கு கவனிக்கத்தக்கது. பணிமனையில் பணம் கொடுத்து அமைதியாகச் சரிசெய்யப்படும் பழுது எந்தக் கணக்கிலும் சேர்வதில்லை. பல நிறுவனங்களின் அங்கீகரிக்கப்பட்ட சேவை மையங்களுக்குக் கொள்ளேகாலுக்கோ மைசூருவுக்கோ செல்ல வேண்டிய ஹனூர் போன்ற பகுதிகளில், இருண்ட சாலைகளில் அதிகம் ஓடும் வாகனங்களின் பழுதுகளே பதிவாகாமல் போகும் நிலை இதனால் ஏற்படுகிறது.

எந்தச் செலவு யாருடையது?

ஹாலஜன் பல்பு ஒன்றின் விலை சில நூறு ரூபாய்தான். ஆனால் எல்இடி விளக்குகளில் பல வாகனங்களுக்குத் தனி பல்பு கிடையாது. ஒரு பகுதி பழுதானாலும் முழு விளக்குத் தொகுதியையும் மாற்ற வேண்டியிருக்கும். அதற்குப் பல ஆயிரம் ரூபாய் ஆகும். சொகுசு வாகனங்களில் செலவு ஒரு லட்சம் ரூபாயையும் தாண்டுகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு ஒரே சீராக 18 சதவீத ஜிஎஸ்டி விதிக்கப்படுகிறது. எனவே முந்தைய 28 சதவீத வரியைக் கொண்டு மதிப்பீடு தரப்பட்டால் உரிமையாளர் கேள்வி எழுப்பலாம்.

செலவைப் பொதுவாகப் பின்வருமாறு பிரித்தறியலாம்:

• பல்பு, ஃபியூஸ் போன்ற தேயும் பொருட்கள் பெரும்பாலும் உத்தரவாதத்தில் சேர்வதில்லை. அவை உரிமையாளரின் செலவு.

• விளக்குத் தொகுதி, வயரிங், ரிலே ஆகியவற்றில் உத்தரவாதக் காலத்துக்குள் ஏற்படும் உற்பத்திக் குறைபாடு நிறுவனத்தின் செலவு.

• திரும்பப் பெறும் அறிவிப்பில் அடங்கிய குறைபாடு, உத்தரவாதம் முடிந்திருந்தாலும் நிறுவனத்தின் செலவு.

• விபத்தில் உடைந்த விளக்கு, முழுமையான காப்பீடு இருந்தால் காப்பீட்டில் அடங்கும்.

காப்பீட்டிலும் சில வரம்புகள் உள்ளன. இயல்பான தேய்மானத்துக்கும் மின் பழுதுக்கும் வழக்கமான காப்பீடு இழப்பீடு தராது. விபத்தில் சேதமடைந்த பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவீதம் தேய்மானமாகக் கழிக்கப்படும். விளக்குத் தொகுதியின் பெரும்பகுதி பிளாஸ்டிக் என்பதால், தேய்மானக் கழிவு இல்லாத கூடுதல் காப்பீட்டை எடுக்காதவர்கள் பாதிச் செலவை ஏற்க நேரிடும். சரக்கு ஆட்டோ, லாரி போன்ற வணிக வாகனங்களில், விளக்குகள் மட்டும் சேதமடைந்தால் இழப்பீடு பெற ஐஎம்டி 23 என்ற கூடுதல் பிரிவு பாலிசியில் இருக்க வேண்டும். அதற்குத் தனி பிரீமியம் செலுத்த வேண்டும்.

கூடுதல் ஒளிக்காகச் செய்யும் மாற்றங்கள்

வெளிச்சம் போதவில்லை என்று கருதும் பலர், நிறுவனம் பொருத்திய 60/55 வாட் பல்புக்குப் பதிலாக 100/90 வாட் பல்பையோ, ஹாலஜன் ஹோல்டரில் எல்இடி பல்பையோ பொருத்துகின்றனர். அதிக வாட் பல்பின் வெப்பத்தால் ஹோல்டரும் கம்பியும் உருகக்கூடும். எல்இடி பல்பின் ஒளிப்புள்ளி ஹாலஜன் இழையின் இடத்தில் சரியாக அமையாவிட்டால், ஒளி சாலையில் விழாமல் எதிரே வருபவரின் கண்ணில் விழும்.

முகப்பு விளக்கின் ஒளி, 8 மீட்டர் தொலைவில் 1.5 மீட்டர் உயரத்தில் உள்ள கண்ணைக் கூசச் செய்யக்கூடாது என மத்திய மோட்டார் வாகன விதிகள் கூறுகின்றன. அனுமதியற்ற மாற்றத்துக்கு, மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறைத் தண்டனையோ, இரண்டுமோ விதிக்க 182ஏ பிரிவில் இடம் உள்ளது. கண்ணைக் கூசச் செய்யும் எல்இடி விளக்குகளுக்கு எதிராகக் கர்நாடகக் காவல்துறை 2024 ஜூலையில் மாநிலம் முழுவதும் நடவடிக்கை மேற்கொண்டது குறிப்பிடத்தக்கது.

இவற்றைவிட உரிமையாளருக்குப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. வயரிங்கை வெட்டி மாற்றியமைத்த பின், பழுது தயாரிப்பில் இருந்து வந்ததா, மாற்றத்தால் வந்ததா என்பதை நிரூபிப்பது கடினமாகிவிடும். உத்தரவாதக் கோரிக்கையை நிறுவனம் மறுக்கவும் அது வழிவகுக்கும்.

பல நேரங்களில் செலவின்றியே ஒளியை மேம்படுத்தலாம். வாகனத்தைச் சமதளத்தில், சுவரில் இருந்து 10 மீட்டர் தொலைவில் நிறுத்தி, தாழ்ஒளியை எரியவிட வேண்டும். ஒளியின் மேல் விளிம்பு, விளக்கின் மைய உயரத்தைவிட ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் கீழே விழுவது சரியான நிலை. பின்னிருக்கைகளில் ஆட்களோ சுமையோ இருக்கும்போது வாகனத்தின் முன்பகுதி உயர்ந்து, ஒளியும் மேலே செல்லும். அப்போது, ஸ்டீயரிங் அருகே உள்ள ஒளி உயரத் திருகில் பூஜ்ஜியத்தில் இருந்து பெரிய எண்ணுக்கு மாற்றினால் ஒளி கீழே இறங்கும்.

புகாரைப் பதிவு செய்யும் முறை

முகப்பு விளக்கில் குறைபாடு இருப்பதாகக் கருதும் உரிமையாளர்கள் பின்வருவனவற்றைக் கடைப்பிடிக்கலாம்:

• பழுது ஏற்பட்ட தேதி, நேரம், ஓடிய கிலோமீட்டர், மழை இருந்ததா, எந்த விளக்கு அணைந்தது என்பவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். இயன்றால், வாகனத்தைப் பாதுகாப்பாக நிறுத்திய பின் காணொளி எடுக்கலாம்.

• பதிவுச் சான்றிதழில் உள்ள 17 இலக்க சேசிஸ் எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் பதிவிட்டு, திரும்பப் பெறும் அறிவிப்பு உள்ளதா எனப் பார்க்க வேண்டும்.

• சேவை மையத்தின் ஜாப் கார்டில், உரிமையாளர் கூறிய பழுது அப்படியே எழுதப்பட்டுள்ளதா எனச் சரிபார்க்க வேண்டும். "பொதுச் சோதனை" என்று மட்டும் எழுதப்பட்டால், அது பிற்காலத்தில் சான்றாகப் பயன்படாது.

• கழற்றப்பட்ட பாகத்தையும், ரசீதையும் பாதுகாக்க வேண்டும். உள்ளூர் பணிமனையில் சரிசெய்தாலும் இது பொருந்தும்.

• போக்குவரத்து அமைச்சகத்தின் வாகன் தளத்தில் உள்ள வாகனத் திரும்பப் பெறுதல் பகுதியில் புகாரைப் பதிவு செய்ய வேண்டும்.

பழைய வாகனம் வாங்கியவர்கள் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும். திரும்பப் பெறும் அறிவிப்பு, நிறுவனத்தின் பதிவேட்டில் உள்ள முந்தைய உரிமையாளருக்கே செல்லக்கூடும். உரிமை மாற்றத்தை 30 நாட்களுக்குள் பதிவு அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டியது வாங்கியவரின் கடமை. புதிய முகவரியையும் கைபேசி எண்ணையும் நிறுவனத்தின் சேவை மையத்தில் பதிவு செய்வதும் பயனளிக்கும்.

நிறுவனம் மறுத்தால்

அறிவிப்பு வெளியாகும் முன்பே சொந்தச் செலவில் பழுதைச் சரிசெய்தவர்களுக்கு அத்தொகையைத் திருப்பித் தர அமெரிக்கச் சட்டம் வகை செய்கிறது. இந்தியாவின் 110ஏ பிரிவு இதைத் தனியாகக் குறிப்பிடவில்லை. எனவே அத்தொகையைக் கோருவதற்கு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே இங்கு முக்கிய வழியாக உள்ளது.

முதல்கட்டமாக, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் அளிக்கலாம். தீர்வு கிடைக்காவிட்டால், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வாகனம் வாங்கிய ஊரிலேயே வழக்குத் தொடர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே தொடரலாம் என்பதால், பெங்களூருவிலோ சேலத்திலோ வாகனம் வாங்கிய ஹனூர்வாசி, சாமராஜநகர் மாவட்ட ஆணையத்தை அணுக முடியும்.

பொருளுக்குச் செலுத்திய தொகை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 200 ரூபாய். வழக்குக்கான காரணம் எழுந்த நாளில் இருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் அளிக்கப்பட வேண்டும். வழக்கறிஞர் இன்றி நேரடியாக வாதிடவும், இணையவழியில் புகாரைத் தாக்கல் செய்யவும் அனுமதி உண்டு.

புகார் நிலுவையில் இருக்கும் காலத்தில் பழுதான விளக்குடன் இரவில் பயணிப்பது ஆபத்தானது. பழுதை உடனடியாகச் சரிசெய்துகொண்டு, ரசீதையும் பழைய பாகத்தையும் ஆணையத்தின் முன் சான்றாக வைக்கலாம். அந்த ரசீதும் வாகன் தளத்தில் பதிவான புகாரும், அதே மாதிரி வாகனத்தை ஓட்டும் மற்றவர்களின் பழுதையும் அரசின் கவனத்துக்குக் கொண்டுசெல்ல உதவும்.